வில்கின்சனின் ஆட்ட வாழ்க்கை அந்த ஒரு உதையோடு முடிந்ததா?

கேள்வி: 11 அக்டோபர் 2025

நான் 2003-க்குப் பிறகு பிறந்தவன். ரக்பி பார்க்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. இங்கிலாந்து அணியின் ஜானி வில்கின்சன் என்றாலே எல்லோரும் காட்டுவது 2003 உலகக் கோப்பை இறுதியில், சிட்னியில் அவர் அடித்த அந்த டிராப் கோலைத்தான் (பந்தைத் தரையில் விட்டு, அது எழும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது). அதன் பிறகு காயம், ஓய்வு, மறுபடியும் காயம். அவருடைய ஆட்ட வாழ்க்கை 24 வயதிலேயே முடிந்துவிட்டது, மிச்சமெல்லாம் இழுபறி என்று சொன்னால் தவறா அண்ணா? இன்னொரு சந்தேகமும் உண்டு. அந்த உதைக்குப் பிறகு ஆஸ்திரேலியா பந்தை உதைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்கியபோது, இங்கிலாந்துப் பக்கம் பருமனான ஒருவர் அதைப் பிடித்தாரே, அவர் யார்?

11 அக்டோபர், இரவு

தவறுதான் தம்பி. உங்கள் மேல் கோபமில்லை. இந்தப் பேச்சை இருபது வருடங்களாகக் கேட்டு அலுத்துப்போனவன் நான்.

1997-ல் பள்ளியை முடித்த கையோடு நியூகாசில் ஃபால்கன்ஸ் அணியில் சேர்ந்தார். கடைசி ஆட்டம் 2014 மே 31, பாரிஸ். மொத்தம் பதினேழு பருவங்கள். சிட்னி வந்தது ஏழாவது பருவத்தில். அதற்குப் பின்னால் இன்னும் பத்துப் பருவங்கள் கிடக்கின்றன. பாதிக்கு மேற்பட்ட உழைப்பை ‘இழுபறி’ என்ற ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறீர்கள்.

சிட்னிக்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் ஆடவே இல்லை, அது உண்மை. கழுத்து, புஜம், முழங்கால், குடல்வால், சிறுநீரகம் என்று உடம்பில் ஒவ்வோர் இடமாகக் கைவிட்டது. திரும்பி வந்தது 2007 பிப்ரவரி 3, டுவிக்கன்ஹாம், ஸ்காட்லாந்துக்கு எதிராக. இங்கிலாந்து 42, ஸ்காட்லாந்து 20. அந்த 42-ல் 27 புள்ளிகள் அவருடையவை. முடிந்துபோன ஆள் ஆடும் ஆட்டமா இது?

பந்தைப் பிடித்தவரைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். அவரை ஒரு வரியில் முடிக்க மனம் வரவில்லை.

12 அக்டோபர்

நேற்று எழுதியதில் பிழை இருக்கிறது. ‘ஆடவே இல்லை’ என்றது தவறு. இங்கிலாந்துச் சட்டை போட்டு ஆடவில்லை என்பதே சரி. சரியாக 1,169 நாட்கள். இடையில் நியூகாசிலுக்காக அவ்வப்போது ஆடினார். 2005-ல் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணியோடு நியூசிலாந்து போய் இரண்டு டெஸ்ட் (சர்வதேச) ஆட்டங்களும் ஆடினார்.

இந்தத் திருத்தம் என் வாதத்துக்குப் பாதகம் என்று நினைக்காதீர்கள். படுக்கையிலேயே கிடந்து ஒருநாள் எழுந்து வந்தவர் இல்லை அவர். எழுவார், நான்கு ஆட்டம் ஆடுவார், விழுவார், மறுபடி எழுவார். ஒரே காயத்திலிருந்து மீள்வதைவிட இதுதான் மனிதனை அரைக்கும் என்று நினைக்கிறேன்.

12 அக்டோபர், மாலை

அந்த ஒரு உதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ‘ஒரு’ உதையே அல்ல.

2003 நவம்பர் 22. சிட்னியில் இரவு எட்டு மணி, இங்கிலாந்தில் காலை ஒன்பது. அப்போது நான் இங்கிலாந்தின் வடக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறுதோறும் ஆடிவந்த சின்ன கிளப்பின் கூடத்தில் எழுபது எண்பது பேர் நின்றுகொண்டே பார்த்தோம். காலணிகளில் முந்தைய வாரத்துச் சேறு. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. எண்பதாவது நிமிடத்தில் ஆஸ்திரேலியாவின் ஃப்ளாட்லி பெனால்டியை அடித்து 14-14 ஆக்கினார். யாரும் பேசவில்லை. கூடுதல் நேரத்தில் வில்கின்சன் ஒன்று அடித்தார், 17-14. ஃப்ளாட்லி மறுபடி அடித்தார், 17-17. என் பக்கத்தில் நின்ற முதியவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் அந்த லைன்-அவுட், அதாவது கோட்டுக்கு வெளியே போன பந்தை, வரிசையாக நிற்கும் இரு அணிகளுக்கும் நடுவே எறிவது. ஸ்டீவ் தாம்சன் பந்தை வரிசையின் கடைசிவரை எறிகிறார். அந்த அழுத்தத்தில் யாரும் துணியாத எறி அது. பின்னால் லூயிஸ் மூடி எழும்பிப் பிடிக்கிறார். மைக் கேட் நேராக முட்டி மோதுகிறார். மேட் டாசன் இடைவெளி பார்த்து ஓடிவிடுகிறார். பந்தை வெளியே எடுத்துக் கொடுக்க வேண்டிய டாசனே இப்போது குவியலின் அடியில் கிடக்கிறார். அவர் எழுந்து தன் இடத்துக்கு வரும்வரை நேரம் வாங்கித் தர மார்ட்டின் ஜான்சன் பந்தை வாங்கி இன்னொரு முறை முட்டுகிறார். அதற்குப் பிறகுதான் டாசன் பந்தை வில்கின்சனுக்கு அனுப்புகிறார். இடதுகால்காரர் வலதுகாலால் உதைக்கிறார். 20-17. மிச்சம் 26 வினாடிகள்.

அதே ஆட்டத்தில் அதற்கு முன் மூன்று டிராப் கோல்களைத் தவறவிட்டிருந்தார். இதை யாரும் சொல்வதே இல்லை. எனக்கு அந்த மூன்றும்தான் முக்கியம். மூன்று தவறிய பிறகும் நான்காவதை அவரிடமே கொடுக்க வேண்டும் என்பதில் அந்த அணியில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. முந்தைய வாரம் அரையிறுதியில், மழையில், பிரான்ஸை 24-7 என்று வென்றார்கள். அந்த 24 புள்ளிகளும் வில்கின்சனுடையவை. ஐந்து பெனால்டி, மூன்று டிராப் கோல்.

14 அக்டோபர்

‘பிறவித் திறமை, சின்ன வயதிலேயே எல்லாம் கூடிவந்தது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கூடிவரவில்லை.

1998 ஏப்ரலில், 18 வயதில், அயர்லாந்துக்கு எதிராக மாற்று வீரராக இங்கிலாந்து அணியில் இறங்கினார். இரண்டு மாதம் கழித்து பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவிடம் இங்கிலாந்து தோற்ற கணக்கு 76-0. எழுத்துப் பிழை அல்ல, எழுபத்தாறுக்குப் பூஜ்யம். மூத்த வீரர்கள் பலர் போகாத சுற்றுப்பயணம் அது. ஆட்டத்தை நடத்திச் செல்லும் ஃப்ளை-ஹாஃப் இடத்தில் இந்தப் பையனை நிறுத்தினார்கள். பத்தொன்பது வயதும் பன்னிரண்டு நாட்களும். அவ்வளவுதான்.

ஐந்து வருடம் கழித்து அதே நாட்டில், அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, அந்த உதை. பிரிஸ்பேனைத் தெரியாமல் சிட்னியைப் பார்ப்பவர்களுக்குப் பாதிப் படம்தான் தெரிகிறது.

15 அக்டோபர்

காலையில் ரயிலில் வரும்போது தோன்றியது. அவர் எந்தத் தலைமுறை என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

1995 ஆகஸ்டில் பாரிஸில் கூடிய சர்வதேச ரக்பி வாரியம், ரக்பி யூனியன் ஆடுபவர்கள் சம்பளம் வாங்கலாம் என்று அறிவித்தது. அதுவரை காசு வாங்கினால் விளையாட்டை விட்டே தள்ளிவைத்துவிடுவார்கள். வடக்கு இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் ‘சனிக்கிழமை இழக்கும் கூலியையாவது கொடுங்கள்’ என்று கேட்டதால்தான் 1895-ல் விளையாட்டே இரண்டாகப் பிளந்து ரக்பி லீக் தனியாகப் போனது. ஒரு கூலிக் கேள்விக்குப் பதில் சொல்ல யூனியன்காரர்களுக்கு நூறு வருடம் பிடித்தது.

அதனால் 1995-க்கு முந்தைய இங்கிலாந்து வீரர்கள் எல்லோருக்கும் வேறு தொழில் இருந்தது. பிரையன் மூர் வழக்கறிஞர். டீன் ரிச்சர்ட்ஸும் வேட் டூலியும் போலீஸ்காரர்கள். ரோரி அண்டர்வுட் விமானப்படை விமானி. செவ்வாய், வியாழன் மாலைகளில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம், திங்கட்கிழமை வேலைக்கு. உடம்புக்கு ஓய்வு தானாகவே கிடைத்தது.

வில்கின்சனுக்கு டர்ஹம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. போகவில்லை. பள்ளியிலிருந்து நேரே சம்பளத்துக்கு ஆடப் போனார். அவருடைய தலைமுறைக்கு முன்னால் அந்தப் பாதையில் யாருமே நடந்ததில்லை. வாரம் முழுக்கப் பயிற்சி செய்தால், பத்துப் பதினைந்து வருடம் மோதினால், கழுத்து எவ்வளவு தாங்கும் என்று சொல்ல மருத்துவர்களிடம்கூட முன்மாதிரி இல்லை. அந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தது இவர்களுடைய உடம்பில்தான்.

நியூகாசில் அந்த முதல் பருவத்திலேயே, 1997-98-ல், இங்கிலாந்து லீக் பட்டத்தை வென்றது. ராப் ஆண்ட்ரூ, வைகா டுயிகமாலா, பேட் லாம், கேரி ஆம்ஸ்ட்ராங், டோடி வியர் என்று பெயர்பெற்ற வீரர்கள். அந்த உடைமாற்றும் அறையில் ஒரு பதினெட்டு வயதுப் பையன். இந்த வருடம் ரெட் புல் அந்த கிளப்பை வாங்கிப் பெயரையும் மாற்றிவிட்டது. எனக்கு இன்னும் வாய் ஃபால்கன்ஸ் என்றுதான் வருகிறது.

15 அக்டோபர், மதியம்

டோடி வியர் யார் என்று கேட்டவருக்கு: ஸ்காட்லாந்தின் லாக் வீரர், அதாவது லைன்-அவுட்டில் எழும்பிப் பந்தைப் பிடிக்கும் உயரமானவர், ஆறடி ஆறு அங்குலம். 2017-ல் தமக்கு மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்புகள் செயலிழக்கும் நோய்) என்று அறிவித்தார். அதன் ஆராய்ச்சிக்காக அறக்கட்டளை தொடங்கி உடம்பு ஒத்துழைத்த கடைசி நாள்வரை பணம் திரட்டினார். 2022 நவம்பர் 26 அன்று இறந்தார்.

19 அக்டோபர்

காயங்களைத் துரதிர்ஷ்டம் என்று எழுதுகிறவர்களுக்கு இது.

வில்கின்சன் டேக்கிள் செய்ததை, அதாவது பந்தோடு ஓடி வருபவரை மோதிப் பிடித்து வீழ்த்தியதைப் பார்த்திருக்கிறீர்களா? ஃப்ளை-ஹாஃப் என்றால் பொதுவாக மோதலிலிருந்து ஒதுங்கி நிற்கும் ஆள். மூளையும் காலும் வேலை செய்தால் போதும், தோளை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இவரோ மோதுவதையே வேலையாகக் கொண்ட ஃபிளாங்கர் போல டேக்கிள் செய்வார். 2000-ல் பாரிஸில் எமில் என்டமாக் ஓடி வருகிறார், இவரைவிட நல்ல உயரம், நல்ல எடை. வில்கின்சன் தோளைக் கொடுத்து அவரைத் தரையிலிருந்து தூக்கிப் பின்னால் தள்ளுகிறார். அரங்கமே ஒரு கணம் மூச்சை இழுத்தது தொலைக்காட்சியிலேயே கேட்டது.

அதைப் பார்த்து நானும் அப்படியே டேக்கிள் செய்யத் தொடங்கினேன். எழுபத்திரண்டு கிலோ உடம்பை வைத்துக்கொண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிப்ரவரி என்று நினைவு, எதிரணிக்காரர் ஒருவரின் இடுப்பில் என் தலை தவறான பக்கத்தில் மாட்டிக்கொண்டது. கழுத்திலிருந்து விரல் நுனிவரை சூடான கம்பி ஓடியது போல ஒரு சுரீர். பிறகு வலதுகை மொத்தமாக மரத்துப்போனது. பயிற்சியாளர் ஓடி வந்து, ‘கையை உதறு, சரியாகிவிடும்’ என்றார். உதறினேன். ஆட்டத்தைத் தொடர்ந்தேன். முடிந்த பிறகு கூடத்தில் தேநீர்க் கோப்பை கையில் நிற்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என்னுடையவை அல்லாதது போல இருந்தன. கோப்பையை இடதுகைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டேன், யாரும் பார்க்காதபடி. அடுத்த ஞாயிறும் ஆடினேன்.

நரம்பு இழுபட்டால் அப்படி வரும். வில்கின்சனுக்கு அது திரும்பத் திரும்ப வந்தது. 2003 கடைசியில் கிளப் ஆட்டமொன்றில் வந்ததுதான் மறுவருடம் கழுத்து அறுவை சிகிச்சைவரை கொண்டுபோனது. எனக்கு அந்த ஒரு சுரீரே போதும், இருபது வருடம் கழித்தும் ஞாபகம் இருக்கிறது. அவர் அதை வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு ஆட வேண்டியிருந்தது.

ஆகவே துரதிர்ஷ்டம் இல்லை. அவர் ஆடிய விதத்துக்கு அதுதான் விலை. ‘டேக்கிளைக் குறைத்துக்கொள்’ என்று பலர் சொன்னார்கள். அவரால் முடியவில்லை.

20 அக்டோபர்

‘டோரிஸ்’ கதை கட்டுக்கதையா என்று கேட்கிறார்கள். கட்டுக்கதை இல்லை. உதைப் பயிற்சியாளர் டேவ் ஆல்ரெட் கற்றுக்கொடுத்த உத்தி. கம்பங்களுக்கு நடுவே என்று பொத்தாம் பொதுவாகக் குறிபார்க்கக் கூடாது. கம்பங்களுக்குப் பின்னால், பார்வையாளர் வரிசையில் டோரிஸ் என்று ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பதாக மனத்தில் வைத்துக்கொண்டு, அவர் மடிக்கு அனுப்புவது போல உதைக்க வேண்டும். உதைக்கும் முன் இரு கைகளையும் கோத்து, முன்னால் குனிந்து நிற்பாரே, அதுவும் மனத்தைக் குவிக்கத்தான்.

நியூகாசிலின் கிங்ஸ்டன் பார்க் மைதானத்தில் வில்கின்சன் ஆட்டத்துக்கு முன் உதைத்துப் பழகுவதை இரண்டு முறை வேலி ஓரம் நின்று பார்த்திருக்கிறேன். காற்று அங்கே கன்னத்தில் அறையும். பந்தைத் தாங்கியில் வைத்துச் சற்றே சாய்ப்பார். நிமிர்வார். மறுபடி குனிந்து ஒரு விரல் அளவு திருப்புவார். பின்னால் அடிகளை எண்ணிப் போய் நிற்பார். பந்து கம்பங்களுக்கு நடுவே போனாலும் சில சமயம் தலையை ஆட்டிக்கொள்வார். எங்களுக்கு அது கோல். அவருக்கு டோரிஸின் மடி தவறிவிட்டது.

26 அக்டோபர்

சரி, டூலோன். என் வாதமே இங்கேதான் நிற்கிறது, இத்தனை நாள் தள்ளிப்போட்டுவிட்டேன்.

2008 செப்டம்பரில் முழங்கால் மூட்டு விலகியது. 2009-ல், 30 வயதில், நியூகாசிலை விட்டு பிரான்ஸின் டூலோன் கிளப்புக்குப் போனார். முந்தைய வருடம்தான் இரண்டாம் பிரிவிலிருந்து மேலே ஏறி வந்த அணி. அதன் உரிமையாளர் முராத் புஜெல்லால், சித்திரக்கதைப் பதிப்பில் பணம் சம்பாதித்தவர். கடைசிக் காலத்தில் வெயிலும் காசும் தேடிப் போகிறார் என்று இங்கிலாந்தில் பலர் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், சொல்லிவிடுகிறேன்.

2010-ல் ஐரோப்பிய சேலஞ்ச் கோப்பை இறுதியில் தோல்வி. 2012-ல் பிரெஞ்சு லீக் இறுதியில் டூலூஸிடம் தோல்வி. 2013-ல் அதே இறுதியில் காஸ்ட்ரிடம் தோல்வி. ஆனால் அந்த 2013 மே மாதமே டப்ளினில் கிளர்மோனை 16-15 என்று வென்று ஐரோப்பிய கிளப்புகளின் முதல்நிலைக் கோப்பையான ஹைனகன் கோப்பை. ஒரே ஒரு புள்ளி. 2014 மே 24, கார்டிஃபில் சாரசன்ஸை 23-6 என்று வென்று மறுபடி அதே கோப்பை. ஒரு வாரம் கழித்து, மே 31, பாரிஸில் அதே காஸ்ட்ரை 18-10 என்று வென்று 1992-க்குப் பிறகு டூலோனுக்கு முதல் பிரெஞ்சுப் பட்டம். அந்த 18-ல் 15 அவருடையவை, ஒரு டிராப் கோல் உட்பட. அதுதான் கடைசி ஆட்டம். வயது 35 ஆகி ஆறு நாள்.

24 வயதில் முடிந்துபோன ஆட்டக்காரர் என்றீர்களே தம்பி.

2012-ல் ஒருமுறை டூலோனில் மேயோல் மைதானத்துக்குப் போயிருக்கிறேன். துறைமுகத்தை ஒட்டி, ஊருக்கு நடுவே இருக்கும் மைதானம். ஆட்டத்துக்கு முன் ஒருவர் குரல் கொடுக்க ‘பிலூ-பிலூ’ என்று மொத்தக் கூட்டமும் முழங்கும், நெஞ்சுக்குள் அதிரும். அப்படிப்பட்ட கூட்டம், வில்கின்சன் கையைக் கோத்துக் குனிந்ததும் ஒரு குரல் இல்லாமல் அடங்கியது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கிழவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். உதை முடிந்ததும் மறுபடி போட்டுக்கொண்டார். ஒவ்வொரு உதைக்கும் அப்படியே செய்தார். அந்நிய நாட்டிலிருந்து வந்த ஆளுக்கு, அதுவும் இங்கிலாந்துக்காரருக்கு, பிரெஞ்சுக்காரர்கள் அப்படி மரியாதை தந்து நான் வேறு எங்கும் கண்டதில்லை.

26 அக்டோபர், இரவு

எண்கள் கேட்டவருக்கு. இங்கிலாந்துக்காக 91 டெஸ்ட், 1,179 புள்ளிகள். லயன்ஸுக்காக 6 டெஸ்ட், 67 புள்ளிகள். உலகக் கோப்பைகளில் 277 புள்ளிகள். டெஸ்ட் டிராப் கோல் 36. இங்கிலாந்துப் புள்ளிக் கணக்கை 2023 உலகக் கோப்பையில் ஓவன் ஃபாரெல் தாண்டினார். வில்கின்சன் 2007 உலகக் கோப்பை இறுதியிலும் ஆடியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவிடம் 15-6 தோல்வி, அந்த ஆறும் அவர் அடித்தவை. அதையும் ‘இழுபறி’யில் சேர்த்துவிட்டீர்கள்.

2 நவம்பர்

ஒரு வாரமாக மேலே எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் எழுதிய ஒன்றில் எனக்கே உடன்பாடு குறைந்துவருகிறது.

‘எழுவார், விழுவார், மறுபடி எழுவார்’ என்று பெருமையாக எழுதினேன். மரத்த கையோடு நான் ஆடியதையும் ஏதோ வீரச்செயல் போலச் சொல்லிவிட்டேன். இப்போது ஸ்டீவ் தாம்சனை நினைத்துக்கொள்கிறேன்.

கடைசி லைன்-அவுட்டில் பந்தை எறிந்தவர் அவர். ஹூக்கர். இரு அணிகளும் தோள் கோத்துத் தள்ளும் ஸ்க்ரமின் நடுவில் இரண்டு பக்கமும் கை கட்டப்பட்டது போலத் தொங்கி, கழுத்தால் தாங்கும் இடம். 2007-ல் கழுத்துக் காயத்தால் ஓய்வு பெற்றார். அதோடு நிற்காமல் திரும்பி வந்தார். பிரான்ஸில் ஆடினார், மறுபடி இங்கிலாந்து அணிக்கு வந்தார், 2011 உலகக் கோப்பையிலும் ஆடினார். 73 டெஸ்ட். அந்த மீள்வருகைக்கு நான் எழுந்து நின்று கைதட்டியவன்.

2020 டிசம்பரில் அவர் வெளியே சொன்னார். வயது 42. இளவயது டிமென்ஷியா, அதாவது மறதி நோய். தலையில் திரும்பத் திரும்ப வாங்கிய அடிகளைக் காரணமாகச் சொன்னார். 2003 உலகக் கோப்பையை வென்றது அவருக்கு நினைவில் இல்லை.

அந்த வரியைப் படித்த அன்று வேலையில் ஒன்றும் ஓடவில்லை. நான் எழுபது பேரோடு நின்று பார்த்த காலை எனக்கு ஜன்னல் ஆவிவரை ஞாபகம் இருக்கிறது. எறிந்தவருக்கு அந்த எறி இல்லை.

ஆகவே திரும்பி வந்ததைப் புகழ்வதில் கவனம் வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். வில்கின்சன் திரும்பி வந்தது நல்லபடியாக முடிந்ததால் எனக்குப் புகழ எளிதாக இருக்கிறது. அவரேகூட அது லேசாக இருந்ததாகச் சொல்லவில்லை. பதற்றம், மனச்சோர்வு, உலகக் கோப்பையை வென்ற பிறகு உள்ளே வந்த வெறுமை, எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். உங்கள் கேள்விக்கு என் பதில் மாறவில்லை தம்பி. அவர் ஆட்ட வாழ்க்கை 24-ல் முடியவில்லை. ஆனால் முடித்துக்கொண்டிருந்தால் அதில் குறை சொல்ல எவனுக்கும் உரிமை இருந்திருக்காது. முதல் நாளே இதைச் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

3 நவம்பர்

‘அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது, யாரைக் குறை சொல்வது’ என்று ஒருவர். ஓரளவு சரி. மூளை அதிர்வு சந்தேகம் வந்தால் வீரரை வெளியே அழைத்துப்போய்ப் பரிசோதிக்கும் முறை மேல்மட்ட ஆட்டத்தில் சோதனையாக வந்ததே 2012-ல். மோதலின் வேகத்தை அளக்கும் கருவி பொருத்திய பல்காப்பு 2024-ல். தாம்சனுக்கும் அவரோடு ஆடியவர்களுக்கும் இவை எதுவும் இல்லை. அவரும் இன்னும் பல முன்னாள் வீரர்களும் நிர்வாக அமைப்புகள் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம். சம்பளம் கொடுத்து முழுநேரமும் மோதவிட்டவர்களுக்கு, அந்த மோதல் என்ன செய்கிறது என்று தேடிப் பார்க்கும் கடமையும் இருந்தது.

3 நவம்பர், சற்று கழித்து

லூயிஸ் மூடியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். எழுதக் கை வரவில்லை. அந்த எறியைக் காற்றில் எழும்பிப் பிடித்தவர் அவர். போன மாதம் 6-ஆம் தேதி, தமக்கு மோட்டார் நியூரான் நோய் என்று சொன்னார். 47 வயது. தம்பியின் கேள்வி வந்ததற்கு ஐந்து நாள் முன்பு. அந்த நோயை இந்த வாதத்துக்குள் இழுத்துச் சாட்சியாக நிறுத்த மாட்டேன். அவரும் அவர் குடும்பமும் நன்றாக இருக்கட்டும்.

9 நவம்பர்

என் மகள் போன வருடம் ரக்பி பயிற்சியில் சேர்ந்தாள். பதினோரு வயது. சேர்ப்பதா வேண்டாமா என்று வீட்டில் மூன்று மாதம் பேச்சு நடந்தது. அவள் அம்மா வேண்டாம் என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்லாததைத்தான் அவள் பெரிதாக எடுத்துக்கொண்டாள்.

2023-லிருந்து இங்கிலாந்தில் கிளப், பள்ளி ஆட்டங்களில் டேக்கிள் நெஞ்செலும்பின் அடிப்பகுதிக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அதற்கு மேலே பிடித்தால் பெனால்டி. பழைய ஆட்கள் பலர் அதை எதிர்த்தார்கள். இன்று காலை வேலி ஓரம் நின்று பார்த்தேன். பயிற்சி தரும் பெண் இருபது நிமிடம் ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்தார்: தலை எந்தப் பக்கம் போக வேண்டும். கன்னம் எதிராளியின் பின்பக்கத்தை ஒட்டி, முன்னால் ஒருபோதும் இல்லை. ஒவ்வொரு குழந்தையையும் முழங்காலில் நிறுத்தி, மெதுவாக, ஒரு முறை, இரண்டு முறை, பத்து முறை. என் மகள் ஒருமுறை தலையைத் தவறான பக்கம் கொண்டுபோனாள். அவர் ஊதலை ஊதி நிறுத்தி, அவள் தலையை இரு கைகளாலும் பிடித்து இந்தப் பக்கம் திருப்பி வைத்தார்.

இருபது வருடம் முன்பு எனக்கு யாரும் அப்படிப் பிடித்துத் திருப்பவில்லை. வலது கட்டைவிரல் இன்றும் குளிர்காலத்தில் சட்டைப் பொத்தானைப் போட மறுக்கிறது.

10 நவம்பர்

இல்லை, மகளை நிறுத்தப் போவதில்லை. கேட்டவர்களுக்குப் பதில் அவ்வளவுதான்.

22 நவம்பர்

இன்றும் சனிக்கிழமைதான், அன்றைப் போலவே. காலை ஒன்பது மணிக்கு எழுந்து கடைசி மூன்று நிமிடங்களைப் போட்டுப் பார்த்தேன். தம்பி முதல் நாள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, கடன் பாக்கி இருக்கிறது.

அவர் பெயர் டிரெவர் உட்மன். இங்கிலாந்தின் லூஸ்ஹெட் ப்ராப், ஸ்க்ரமின் இடது முனையில் நின்று தள்ளுபவர். பந்தை எட்டிப் பிடிப்பது அவர் வேலையே அல்ல. அதற்கென்று உயரமானவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவோ அவசர அவசரமாக, இங்கிலாந்து ஒழுங்காக நிற்கும் முன்பே, பந்தைக் குட்டையாக உதைத்துவிட்டது. அது நேரே அவர் இருந்த இடத்துக்கு வந்தது. கைநழுவியிருந்தால் பந்து ஆஸ்திரேலியாவுக்கு, இன்னும் ஒரு வாய்ப்பு, இன்னொரு ஃப்ளாட்லி.

நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கூடுதல் நேரமும் ஆடி முடித்த ஆள். கால்கள் தரையை விட்டு அதிகம் எழும்பவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நீட்டுகிறார், விரல்கள் விரிந்திருக்கின்றன, பந்து வந்து உட்காருகிறது. கீழே வருகிறார், மேலே ஆட்கள் விழுகிறார்கள், பந்தை விடவில்லை. டாசன் எடுத்து மைக் கேட்டிடம் கொடுக்கிறார், கேட் அதைப் பார்வையாளர்களுக்குள் உதைக்கிறார், ஊதல்.

அதன் பிறகு உட்மனுக்கு இங்கிலாந்துச் சட்டை கிடைத்தது மறுவருடம் வரைதான். 2005-ல் முதுகுக் காயத்தால் ஓய்வு. முப்பதை எட்டவில்லை. டூலோன் மாதிரி இரண்டாவது பாதி அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் படத்தில் வில்கின்சன் எங்கே என்று தேடாமல் ஒருமுறை அவரை மட்டும் பாருங்கள் தம்பி. வெள்ளைச் சட்டையில் முதலாம் எண்.